'ஏன் கத்துற?' என்று கேட்கும் முன் ஒரு நிமிடம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்திருக்கும் வாடகை வீடு. அம்மாவிடமிருந்து போன். துணி மடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு நிமிடம் பேசிவிட்டு வைத்தேன். நிமிர்ந்தால், ரூம்மேட் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி ஆச்சு? வீட்ல ஏதாவது பிரச்னையா?"

"இல்லையே, ஏன்?"

"அம்மா அந்தக் கத்து கத்துறாங்க..?"

"கத்தலடி. சாப்ட்டியானு கேட்டாங்க. இன்னிக்கு கொள்ளு ரசம் வச்சாங்களாம்."

அவள் நம்பவில்லை. கொள்ளு ரசத்துக்கா இவ்வளவு சத்தம் என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால், அந்த வார்த்தை மட்டும் அன்று முழுவதும் காதுக்குள்ளேயே நின்றது. 'கத்துறாங்க.' என் அம்மாவைப் பற்றி இந்த வார்த்தையை நான் கேட்பது இது முதல் முறை கிடையாது. குமாரபாளையத்தில் எங்கள் தெருவே அப்படித்தான் சொல்லும். "உங்கம்மா என்ன எந்நேரமும் உங்கப்பனை வஞ்சுட்டே இருக்குது?" என்று பக்கத்து வீட்டு ஆத்தா என்னிடமே கேட்டிருக்கிறார்.

ஒரு வீட்டில் ஒருநாளைக்கு எத்தனை முறை 'கத்தாதே' என்று சொல்கிறோம்? எண்ணிப் பாருங்கள். அப்பா அம்மாவிடம், அம்மா பிள்ளையிடம், பிள்ளை அம்மாவிடம், தாத்தா டி.வி-யிடம்! இவ்வளவு புழங்கும் வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? அதை நாம் யாருக்குச் சொல்கிறோம், யாருக்குச் சொல்வதில்லை? தேட ஆரம்பித்தேன். தேடல் கடைசியில் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

கழுதைதான் கத்தும்!

தொடக்கப்பள்ளியில் மரபுச் சொற்கள் படித்தது நினைவிருக்கிறதா? சிங்கம் முழங்கும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், பாம்பு சீறும். இந்தப் பட்டியலில் கத்துவது யார்? கழுதை. ஆடும் கத்தும். மழை பெய்த இரவில் தவளை கத்தும்.

மனிதர்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. நாம் பேசுவோம். அப்படியிருக்க, ஒருவர் பேசுவதைப் பார்த்து 'கத்துறாங்க' என்று சொன்னால், 'எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது, சொன்ன விஷயம் கேட்கவில்லை' என்று அர்த்தமாகிவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். 'மேனேஜர் திட்டினார்' என்று யாராவது சொன்னால், 'என்ன திட்டினார்?' என்று இயல்பாகக் கேட்போம். திட்டுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. 'மேனேஜர் கத்தினார்' என்றால்? 'ஏன் கத்தினார்?' என்றுதான் கேட்போம். 'என்ன கத்தினார்?' என்று கேட்டால் கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். விஷயமே இல்லாத சத்தத்தில் 'என்ன' என்று எதைக் கேட்பது?

அதனால்தான் 'ஏன் கத்துற?' என்ற கேள்வி சண்டையில் அவ்வளவு வசதியான ஆயுதம். கேஸ் புக் பண்ணியாச்சா, ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சா என்று மூன்று முறை கேட்டுப் பதில் வராமல் நான்காவது முறை குரல் உயரும். "ஏன் கத்துற?" என்று ஒரு கேள்வி வரும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு கேஸைப் பற்றி இருக்காது. "நான் கத்தல", "நீ கத்துற" என்று குரலைப் பற்றியே போகும். கேஸ் காலியாகத்தான் இருக்கும்.

ஆளைப் பார்த்து வார்த்தை

தமிழில் கோபமான, சத்தமான பேச்சுக்கு வார்த்தைப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை உண்டு.

அதட்டல் - சின்னதாக, சட்டென்று. எதையாவது நிறுத்துவதற்காக. பெரும்பாலும் பெரியவர் சிறியவரிடம்.

திட்டு, ஏச்சு, வசவு - இதில் சத்தம் முக்கியம் கிடையாது, சொல்தான் முக்கியம். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவும் திட்டலாம்.

அலறல் - பயத்தில், வலியில் வருவது.

கூச்சல் - பல குரல்கள் சேர்ந்து எதுவும் புரியாமல் கேட்பது.

கூப்பாடு - கூப்பிடுவதிலிருந்து வந்தது. உதவிக்கு யாராவது வரமாட்டார்களா என்று போடுவது.

புலம்பல் - கேட்க ஆளே இல்லாதபோது செய்வது.

ஊருக்கு ஊரும் மாறும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் 'ஏசுவாங்க'. எங்கள் கொங்குப் பக்கம் 'வைவாங்க'. நேற்று நடந்திருந்தால் 'வஞ்சாங்க'. இலங்கைத் தமிழில் 'அம்மா பேசுவா' என்றாலே திட்டுவார் என்றுதான் அர்த்தம். 'நல்லா ஏச்சு வாங்கினேன்' என்பார்கள். சென்னை ஆபீஸ்களில் 'டோஸ் விட்டார்'. இதுபோக வெறும் ஓசையாலேயே சொல்வதும் உண்டு: காச்சு மூச்சு, லபோ திபோ, தாம் தூம், வள் வள்.

இத்தனை வார்த்தைகள் இருந்தும், எந்த ஆளுக்கு எந்த வார்த்தை என்பதில் நாம் ரொம்பத் தெளிவாக இருக்கிறோம். வீட்டில் அப்பா 'சத்தம் போட்டார்'. அதே சத்தத்தில் அம்மா பேசினால் 'கத்தினாள்'. ஹெச்.எம் 'அதட்டினார்', பிள்ளைகள் 'காச்சு மூச்சுனு கத்துதுங்க'. முதலாளி 'தாம் தூம்னு குதிச்சார்', வேலைக்கு வரும் அக்கா 'வாய் நீளம்'. மேடையில் தலைவர் 'முழங்கினார்', 'கர்ஜித்தார்'. மிருகங்களிலேயே சிங்கத்தைத் தூக்கித் தலைவருக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் அம்மாவுக்குக் கழுதையைக் கொடுத்திருக்கிறோம்.

கோபமாகப் பேசும் பெண்ணுக்கென்று தனிப்பெயர்களும் வைத்திருக்கிறோம். வாயாடி, வாய்க்காரி, பஜாரி. இவற்றுக்கு ஆண்பால் தேடிப் பாருங்கள். சுலபத்தில் சிக்காது. சத்தமாகப் பேசும் ஆணுக்கு 'கோபக்காரர்' என்று பெயர். அதிலும், 'கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்' என்று ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.

நான் வைத்த தலைப்பு

அடுத்தவர்களைச் சொல்வதற்கு முன்பு என்னைச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் நடந்தது இது.

காலை பஸ்ஸில் வரும்போதே ஒரு வீடியோ வந்தது. ஓர் அரசு அலுவலக வாசலில் காலிக் குடங்களோடு பெண்கள். கைகளை நீட்டி நீட்டிப் பேசுகிறார்கள். ஓர் அதிகாரி பின்னால் நகர்கிறார். ஹெட்போன் எடுத்து வரவில்லை. மியூட்டில்தான் பார்த்தேன். தலைப்பும் யோசித்துவிட்டேன்: 'அதிகாரிகளைச் சூழ்ந்துகொண்டு கூச்சல் போட்ட பெண்கள்!'

டெஸ்க்கில் இருந்த சீனியர் அக்கா அதைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "சவுண்டு வச்சுப் பார்த்தியா?"

வைத்துப் பார்த்தேன். கூச்சலே இல்லை. முன்னால் நின்ற ஒரு பெண் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 11 நாளாகத் தண்ணீர் வரவில்லை, ஒரு குடம் என்ன விலைக்கு வாங்குகிறோம், யார் யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தோம் என்று வரிசையாக. குரல் உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால், தேதி வாரியாகப் பேசிய அந்தப் பேச்சில் ஒரு பிசிறு கிடையாது. அந்த அலுவலகக் கோப்புகூட அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்குமா தெரியாது.

தலைப்பை மாற்றினோம். "'11 நாளா தண்ணி வரல!' - காலிக் குடங்களுடன் முறையிட்ட பெண்கள்". அதே வீடியோ, அதே பெண்கள், அதே குரல். 'கூச்சல்' என்றபோது தவறு அவர்களுடையது போலத் தெரிந்தது. 'முறையிட்டனர்' என்றதும் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தெரிந்துவிட்டது.

'குழாயடிச் சண்டை' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் இப்படித்தான். அர்த்தமில்லாத சண்டையைக் கிண்டல் செய்ய அந்த வார்த்தையை எடுக்கிறோம். குழாயடியில் ஏன் சண்டை வருகிறது? தண்ணீர் போதாமல்தானே? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிச் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், குழாயடிச் சண்டை அர்த்தமில்லாத சண்டை இல்லை என்று.

இதில் இன்னொரு வார்த்தையும் உண்டு. யாராவது சத்தமாகப் புகார் சொன்னால் 'குய்யோ முறையோனு கத்துறாங்க' என்கிறோம். 'முறையோ' என்றால் 'இது நியாயமா?' என்று அர்த்தம். நியாயம் கேட்ட குரலையே கேலிச் சொல்லாக மாற்றி வைத்திருக்கிறோம்!

தொல்காப்பியர் காரணம் கேட்டார்

நம் பழைய இலக்கணம் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில், உள்ளத்தில் தோன்றி உடம்பில் தெரியும் உணர்ச்சிகள் எட்டு என்று சொல்லப்படுகிறது. அதில் ஒன்று வெகுளி, அதாவது கோபம். அந்தக் கோபம் எதனால் வரும் என்று நான்கு காரணங்களையும் அது அடுக்குகிறது. உறுப்பைச் சிதைப்பது, சார்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, அடித்து வருத்துவது, கொலை. நான்குமே ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்குகள். கோபத்தைப் பார்த்ததும் அதன் பின்னால் இருக்கும் தீங்கைத் தேடு என்பதுபோல இருக்கிறது அந்தப் பட்டியல்.

சிலப்பதிகாரத்தையும் எடுத்துக்கொள்வோம். தமிழில் கோபமாகப் பேசிய பெண் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கண்ணகிதான். கணவனைக் கள்வன் என்று கொன்றுவிட்டார்கள். தலைவிரி கோலமாக, ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் அரண்மனைக்கு வருகிறாள். வாயிற்காவலன் அவள் கோலத்தைப் பார்த்துப் பதறி ஓடி, கொற்றவையோ காளியோ என்று நடுங்கும்படி மன்னனிடம் சொல்கிறான். மன்னன் அவளை உள்ளே அழைத்து, யார் நீ என்று கேட்கிறான். அவள் சிலம்பை உடைக்கிறாள். முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது. அவள் சொன்னது உண்மை என்று தெரிந்துவிடுகிறது.

அந்தக் காட்சி வரும் பகுதிக்கு என்ன பெயர் தெரியுமா? 'வழக்குரை காதை'. காவலனுக்குத் தெரிந்தது கோபம் மட்டும்தான். அதற்குள் ஒரு வழக்கு இருக்கிறது என்பது, உள்ளே அழைத்து 'யார், என்ன' என்று கேட்டபோதுதான் வெளியே வந்தது.

'என்னது?' - 'ஏன் கத்தற?'

இனி என் வீட்டுக் கதை.

அப்பா தறி ஓட்டுபவர். 27 வருஷம். தறிப்பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாகத் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கை ஜாடைதான். அம்மாவும் அதே பட்டறையில் தார் போட்டவர். அங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் தொண்டை கிழிய வேண்டும்.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம் குரல் நமக்கே தெரியாமல் உயரும். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கும்போது நாம் பேசுவதைக் கவனித்தால் தெரியும். 1911-ல் இதைக் கண்டு சொன்னவர் எத்தியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர். அதனால் இன்றைக்கும் இதை 'லோம்பார்ட் விளைவு' என்றுதான் சொல்கிறார்கள். இதற்கும் கோபத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் உரையாடல் இது:

"ஏனுங்க, சோறு போடட்டுங்களா?"

பதில் வராது.

"ஏனுங்க, சோறு போடட்டுங்களா?"

"என்னது?"

"சோறு! போடட்டுங்களா!"

"கேக்குது... ஏம்புள்ள கத்தற?"

மூன்றாவது வரியும் நான்காவது வரியும்தான் தெருவுக்குக் கேட்கும். முதல் இரண்டு வரிகள் யாருக்கும் கேட்காது. அதனால் அம்மா வாய்க்காரி, அப்பா பாவம். இதுதான் எங்கள் தெருவின் தீர்ப்பு.

என் தீர்ப்பும் அதுதான் என்பது இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. ஒன்பதாவது படிக்கும்போது தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் போனதும் அம்மாவிடம் சொன்னேன். "எப்பப் பாரு கத்திட்டே இருக்கம்மா. மானமே போகுது." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் தோழிகள் வந்தால், காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அவர்கள் இருக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவைக் கட்டாயப்படுத்தி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. உங்கம்மா கத்தறது நாலு தெருவுக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா?" என்றுதான் கிளம்பினார். ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் அவர் எதையுமே அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் ஒரு கோடு. இடப்பக்கம் ஓரளவு மேலே இருந்து, வலப்பக்கம் போகப் போகச் சரிந்துகொண்டே போனது. டாக்டர் விளக்கியதையும் பிறகு நான் படித்ததையும் எளிமையாகச் சொல்கிறேன்.

நம் உள்காதில் ஒலியை உணரும் மிக நுண்ணிய செல்கள் இருக்கின்றன. வருடக்கணக்கில் பெரிய இரைச்சலில் இருந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும். அழிந்தது திரும்ப வளராது. ஒருநாளைக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபலுக்கு மேல் ஆபத்து என்பது பொதுவான எல்லை. தொழிற்சாலை இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் உச்ச ஒலிகளில்தான் தொடங்கும். ச, க, ப, ட போன்ற எழுத்துகளின் ஓசையைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான். அ, ஆ, ஓ போன்றவை நன்றாகவே கேட்கும். அதாவது, யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும். என்ன சொல்கிறார்கள் என்பது புரியாது. 'பால்' என்றாலும் 'கால்' என்றாலும் அப்பாவுக்கு 'ஆல்' என்றுதான் விழுந்திருக்கும். அதனால்தான், 'எனக்கு நல்லாக் கேக்குது' என்று அவர் சொன்னதும் பொய் இல்லை.

இன்னொரு விஷயம்தான் என்னை அதிர வைத்தது. இந்தப் பாதிப்பு உள்ளவர்களில் பலருக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால், சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலும் சட்டென்று காதில் அறைவதுபோல இருக்கும். கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவர்களுக்குச் சுருங்கிவிடுகிறது. மெதுவாகச் சொன்னால் 'என்னது?' சத்தமாகச் சொன்னால் 'ஏன் கத்தற?' எங்கள் வீட்டின் பல வருஷச் சண்டை இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. அம்மாவும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "ஊரே என்னைய வாய்க்காரின்னுச்சு கண்ணு" என்றார். நான் ஒன்பதாவதில் சொன்னதை அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

உலகம் முழுவதும் 150 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு வருடமும் மார்ச் 3-ம் தேதியை உலகச் செவித்திறன் தினமாகவும் கடைப்பிடிக்கிறது. தறி, லேத், ஜெனரேட்டர், பட்டறை, பேருந்து எஞ்சின் பக்கத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

* டி.வி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா?
* ஒரே விஷயத்தை இரண்டு, மூன்று முறை கேட்கிறாரா?
* கும்பலில் பேசும்போது சம்பந்தமில்லாமல் தலையாட்டுகிறாரா?
* போனை ஒரே காதில்தான் வைக்கிறாரா?
* 'கேக்குது, ஆனா புரியல' என்கிறாரா?

இதில் ஏதாவது இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செவித்திறன் பரிசோதனை உண்டு. தகுதி உள்ளவர்கள் காதொலிக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். அதுவரை, அடுப்படியிலிருந்து குரல் கொடுக்காமல், அவர் முகத்துக்கு நேரே நின்று, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசினாலே பாதிப் பிரச்னை தீரும். சத்தத்தைக் கூட்டுவதைவிட, டி.வி-யை அணைத்துவிட்டுப் பேசுவது அதிகமாகப் பலன் கொடுக்கும். எங்கள் வீட்டில் கொடுத்தது.

எல்லாக் கத்தலும் ஒன்றா?

இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். ஒருவரைப் பயமுறுத்தி அடக்குவதற்காகவே குரலை உயர்த்துபவர்கள் இருக்கிறார்கள். சாவி திரும்பும் சத்தம் கேட்டதுமே பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு மூலைக்குப் போகிறார்கள் என்றால், அது காது பிரச்னையும் கிடையாது, முறையீடும் கிடையாது. அது மிரட்டல். அதற்கு 'அவருக்குக் கொஞ்சம் கோபம் ஜாஸ்தி' என்று மென்மையான பெயர் வைப்பதும் தவறுதான். அப்படி ஒரு வீட்டில் இருக்கும் பெண்கள் 181 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்காக 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இப்போது மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தை இவர் ஏற்கெனவே மெதுவாகச் சொல்லியிருக்கிறாரா? சத்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதற்குள் ஒரு கேள்வியோ கோரிக்கையோ இருக்கிறதா? இவர் கத்தும்போது எதிரில் இருப்பவர் பதில் பேச முடிகிறதா, பயந்து ஒடுங்குகிறாரா? முதல் இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்றாவதில் பயம்தான் இருக்கிறது என்றால், ஒடுங்கி நிற்பவர் பக்கம் போய் நிற்க வேண்டும்.

நம் குரல் உயரும்போதும் இது உதவுகிறது. 'தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், காதுல வாங்குறியா?' என்று நம் வீட்டு அம்மாக்கள் சொல்வார்கள் இல்லையா... அந்த வரியின் இரண்டாவது பாதிதான் உண்மையான கோரிக்கை. நேரடியாக அதையே முதலில் சொல்லிவிடலாம். "ரெண்டு வாட்டி கேட்டுட்டேன், பதில் வரல. பதில் சொல்லிட்டு போனைப் பாரு." என் ரூம்மேட்டிடம் நான் முயன்று பார்த்தேன். பாத்திரம் கழுவும் முறை விஷயத்தில், மூன்றில் இரண்டு முறை பலித்தது.

பொங்கலுக்கு அப்பாவுக்குக் காதுக் கருவி வந்தது. முதல் நாள் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காக்கா கரைவதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அம்மா, பழக்க தோஷத்தில், முழுக்குரலில் கூப்பிட்டார்.

"ஏனுங்க! சோறு! போடட்டுங்களா!"

அப்பா துள்ளி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏம்புள்ள கத்தற!"

இந்த முறை அவர் சொன்னது சரிதான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அம்மா இப்போது அவரிடம் மெதுவாகத்தான் பேசுகிறார். போனில் என்னிடம் மட்டும் இன்னும் அதே குரல்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பீக்கரில்தான் போட்டேன். ரூம்மேட் இப்போது 'ஏன் கத்துறாங்க' என்று கேட்பதில்லை. "அம்மா, இன்னிக்கு என்ன ரசம்?" என்று பதிலுக்குச் சத்தமாகக் கேட்கிறாள்.